பாலிஷ் போட வர்றவர்

மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் ஒருவருக்குப் பழைய கார்னெட்டுகள் மேல் பைத்தியம் என்று கேள்விப்பட்டால் யாரும் முதலில் சிரிப்பார்கள். பிறகு கார்னெட் என்றால் என்ன என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் போல அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார். ட்ரம்பெட்டுக்குத் தங்கை என்று வைத்துக்கொள்ளுங்கள் என்று ஆரம்பிப்பார். ட்ரம்பெட்டின் குழாய் பாதி தூரத்துக்கும் மேல் ஒரே தடிமனாகப் போய்க் கடைசியில்தான் விரியும். கார்னெட்டின் குழாய் ஆரம்பத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகப் பருத்து, இன்னும் நெருக்கமாகச் சுருண்டு, கைக்கு அடக்கமாக இருக்கும். அதனால் அதன் சத்தம் காதைக் குத்தாது, குழைந்து வரும். இவ்வளவும் சொல்லி முடிப்பதற்குள் கேட்டவருக்கு வேறு ஏதோ வேலை ஞாபகம் வந்துவிடும்.

கடையைப் புதுப்பித்தபோது மிச்சமான கண்ணாடி அலமாரிகளை வீட்டின் பின்னறையில் நிறுத்தி, கண்ணாடிச் சட்டங்கள் இருந்த தட்டுகளில் வாத்தியங்களை வைத்திருந்தார். பழைய வாத்தியம் ஒன்று கைக்கு வந்தால் முதலில் அதைத் துடைக்க மாட்டார். அழுக்கோடுதான் பார்ப்பார். விரலால் அழுத்தும் வால்வுகளில் நடு வால்வின் மேல் எண் பொறித்திருக்கிறதா, விரிந்த வாயின் மேல் யார் பெயர், எந்த ஊர், எந்தக் கண்காட்சியில் வாங்கிய பதக்கம், குழாய்களைப் பிணைக்கும் சிறு கம்பிகள் நேராக இருக்கின்றனவா, வளைந்திருக்கின்றனவா, உள்ளே தேங்கும் எச்சிலை வடித்துவிடும் சின்னச் சாவி எந்தப் பக்கம் என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டே போவார். பொறித்திருக்கும் பெயரை நம்பிவிடக் கூடாது என்பது அவர் கட்சி. அந்தக் காலத்தில் செய்தவன் ஒருவனாக இருப்பான், வாங்கி விற்ற கடைக்காரன் தன் பெயரைப் பொறித்துக்கொண்டிருப்பான். பெயர் பொய் சொல்லும், கம்பியும் வால்வு மூடியும் பொய் சொல்லாது என்பார்.

ஒரே ஒரு குறை, அவருக்கு ஊத வராது. உதட்டைக் குவித்து எவ்வளவு முயன்றாலும் காற்றுதான் போகும். மிகவும் மெனக்கெட்டால் கன்றுக்குட்டி தாயைத் தேடுவது போல ஒரு சத்தம் வரும். பக்கத்து வீட்டில் ஜன்னலைச் சாத்துவார்கள்.

அந்தக் குறையைத் தீர்த்து வைத்தவர் அவர் மனைவியின் அண்ணன். மச்சான் கல்யாண ஊர்வலங்களில் ட்ரம்பெட் ஊதும் பேண்டுக்காரர். ஊதும்போது இரண்டு கன்னமும் பலூன் போல உப்பிக்கொள்ளும் என்பதால் பேண்டில் அவருக்குக் கன்னம் என்றே பெயர். புது வாத்தியம் வந்திருக்கிறது என்று தெரிந்தால் போதும், வேலை முடிந்த கையோடு வந்து நிற்பார். வால்வில் காற்று கசிகிறதா, எந்த இடத்தில் அடைத்திருக்கிறது என்று ஊதிப் பார்த்துச் சொல்வார். அது எந்த வருஷத்தியது, யார் செய்தது என்பதெல்லாம் அவருக்குப் புரியாது, புரிய வேண்டும் என்று ஆசையும் இல்லை. ஆனால் போகிற இடமெல்லாம், தன் மாப்பிள்ளை பழைய பீப்பியைக் கையில் எடுத்தாலே அதன் ஜாதகத்தைச் சொல்லிவிடுவார் என்று பெருமையடித்துக்கொள்வார். கண்ணாடிக் கடைக்காரர் முதன்முதலில் கையில் எடுத்த கார்னெட்டே மச்சானின் பேண்டு ஷெட்டில், உடைந்த டிரம்களுக்கு அடியில் கிடந்ததுதான். எடுத்துக்கோங்க மாப்ளே, இங்க கிடந்தா யாராவது ஆணி அடிக்கத்தான் எடுப்பான் என்று சொல்லி, சாக்குத்துணியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்திருந்தார்.

யாராவது கேட்டால் கண்ணாடிக் கடைக்காரர் அதை ஏலத்தில் எடுத்தேன் என்றுதான் சொல்லுவார்.

மச்சான் மேல் அவருக்கு வெறுப்பு ஒன்றும் கிடையாது. வீட்டில் இரண்டு பேரும் ஒரே தட்டில் முறுக்கைப் பங்கு போட்டுத் தின்கிறவர்கள்தான். ஆனால் நாலு பேர் முன்னால் என்று வந்துவிட்டால் அவருக்குள் ஏதோ ஒன்று சுருங்கிக்கொள்ளும். அதிலும் பழைய வாத்தியச் சங்கத்தில் சேர்ந்த பிறகு அது அதிகமாகிவிட்டது. சங்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் பெரிய மனிதர்கள். தலைவர் ஓய்வுபெற்ற அறுவைச் சிகிச்சை டாக்டர். மற்றவர்கள் பேராசிரியர்கள், இன்ஜினியர்கள். கடை வைத்துப் பிழைப்பவர் இவர் ஒருவர்தான். கூட்டத்துக்குப் போகும்போதெல்லாம் சட்டையில் கண்ணாடி துடைக்கும் திரவத்தின் வாசனை அடிக்கிறதோ என்று ஒருமுறை முகர்ந்து பார்த்துக்கொள்வார்.

அவரைச் சங்கத்தில் நிமிர்ந்து உட்கார வைத்தது டாக்டரிடமிருந்த ஒரு வெள்ளி முலாம் பூசிய கார்னெட். அதன் வாயில் சாதாரண ஒரு கடைக்காரன் பெயர் பொறித்திருந்தது. மலிவுச் சரக்கு என்று டாக்டரே அதை ஓரமாக வைத்திருந்தார். கண்ணாடிக் கடைக்காரர் கடையிலிருந்து கொண்டுபோன லென்ஸை வைத்து, விளக்கைச் சாய்த்துப் பிடித்து, கடைக்காரன் பெயருக்கு அடியில் வேறு எழுத்துகளின் தடம் இருப்பதைக் கண்டுபிடித்தார். பழைய பொறிப்பைச் சுரண்டிவிட்டு அதன் மேலேயே புதிதாகப் பொறித்திருக்கிறார்கள். பாதி அழிந்த அந்த எழுத்துகளையும் கம்பிகளின் வளைவையும் வைத்து, அது ஒரு பெரிய பட்டறையின் ஆரம்ப கால வேலை என்று நிரூபித்தார். எல்லோரும் ஒவ்வொருவராகக் குனிந்து லென்ஸ் வழியாகப் பார்த்துவிட்டு அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அன்றைக்கு அவர் வீடு திரும்பியபோது தரையில் கால் பாவவில்லை.

அந்தக் கெட்டிக்காரத்தனத்துக்குப் பரிசு போல ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டாக்டரும் இன்னும் இரண்டு உறுப்பினர்களும் அவர் வீட்டுக்கு வந்தார்கள். சங்கம் நடத்தப் போகும் கண்காட்சிக்கு அவருடைய அலமாரியிலிருந்து சிலவற்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மனைவி வீட்டைப் பெருக்கித் துடைத்து, விருந்தாளிகளுக்கென்று எடுத்து வைத்திருந்த பூப்போட்ட கோப்பைகளை இறக்கினாள். அவர் காலையிலிருந்து எதையாவது நகர்த்தி வைத்துக்கொண்டே இருந்தார்.

டாக்டர் இரண்டாவது அலமாரியின் முன்னால் நின்று பேசிக்கொண்டிருந்தபோது வாசல் பக்கம் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. அடுத்த நிமிஷம் பின்னறை வாசலில் மச்சான் நின்றார். காலையில் ஏதோ கல்யாணம். சிவப்புக் கோட்டை மாற்றாமல் அப்படியே வந்திருந்தார். தோளில் ஒரு பக்கத்துத் தங்கக் குஞ்சம் தையல் விட்டுத் தொங்கியது. வியர்வையில் கோட்டின் சாயம் சட்டைக் காலரில் இறங்கியிருந்தது. கக்கத்தில் தொப்பி, கையில் ட்ரம்பெட் பை, முகம் முழுக்கச் சிரிப்பு. பெரிய மனிதர்கள் பேசிக்கொண்டிருந்ததால் குறுக்கே பேசாமல் சிரித்தபடி நின்றார்.

டாக்டர் பேச்சை நிறுத்திவிட்டு, இவர் யார் என்பது போலப் பார்த்தார்.

கண்ணாடிக் கடைக்காரருக்கு யோசிக்க நேரம் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ தெரியாது. நாக்கு முந்திக்கொண்டது.

"பாலிஷ் போட வர்றவர் சார். பேண்டுல இருக்காரு. அப்பப்ப வந்து இதையெல்லாம் துடைச்சுக் குடுப்பாரு."

சொல்லி முடித்ததும் அவருடைய காது சூடாகிவிட்டது. மச்சானின் சிரிப்பு உடனே மறையவில்லை. முகத்தில் அப்படியே கொஞ்ச நேரம் மறந்துபோய் நின்றது. பிறகு அவர் தொப்பியையும் பையையும் சுவரோரமாக வைத்தார். கோட்டைக் கழற்றி, உள்பக்கம் வெளியே தெரியும்படி மடித்து, அதன் மேல் வைத்தார்.

"சரிங்க சார்," என்றார். "எதுலேர்ந்து ஆரம்பிக்கட்டும்?"

மச்சான் அவரை சார் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. கண்ணாடிக் கடைக்காரர் கீழ்த்தட்டிலிருந்து ஒரு ட்ரம்பெட்டை எடுத்து அவரைப் பார்க்காமல் நீட்டினார். மச்சான் அதை வாங்கிக்கொண்டு, ஜன்னலுக்குக் கீழே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, துணியால் துடைக்க ஆரம்பித்தார். டாக்டர் விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தார். கண்ணாடிக் கடைக்காரர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். ஒரு வார்த்தையும் அவர் காதில் விழவில்லை. தரையில் துணி உரசும் சத்தம் மட்டும் கேட்டது.

மனைவி தட்டில் டீயோடு வந்தாள். தரையில் உட்கார்ந்திருந்த அண்ணனைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது, வாய் திறந்தது. மச்சான் தலையை மிக லேசாக, யாருக்கும் தெரியாதபடி, இல்லை என்று ஆட்டினார். அவள் அண்ணனைப் பார்த்தாள், கணவனைப் பார்த்தாள், மடித்து வைத்திருந்த கோட்டைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமலே எல்லாம் புரிந்துவிட்டது அவளுக்கு. நேராக ஜன்னலோரம் போய்க் குனிந்து, முதல் கோப்பையை அண்ணனிடம் கொடுத்தாள். பிறகுதான் டாக்டர் பக்கம் வந்தாள். கடைசியாகக் கணவனுக்கு. கோப்பையை நீட்டியபோது அவள் அவரைப் பார்க்கவில்லை.

அவர்கள் கிளம்பும்போது டாக்டர் தாராள மனசோடு ஒரு நோட்டை மடித்து மச்சானின் சட்டைப்பையில் செருகினார். எங்கள் வீட்டிலும் இதுபோல் நிறையக் கிடக்கிறது, ஒருநாள் வந்து பாருங்கள் என்று சொல்லிப் போன் நம்பரும் வாங்கிக்கொண்டார். மச்சான் எழுந்து நின்று நன்றிங்க என்றார்.

கார் தெருவைத் தாண்டியது. பிறகு மச்சானே சிரித்தார். என்ன மாப்ளே, நல்லா நடிச்சேனா, என்னைச் சினிமாவுல சேர்த்துக்குவாங்களா என்று கேட்டார். அந்த நோட்டைத் தொட்டுக் காட்டி, பஸ்ஸுக்கு ஆச்சு என்றார். சாப்பிட்டுப் போ என்று தங்கை சொன்னதற்கு, கல்யாண வீட்டிலேயே வயிறு முட்டத் தின்றாயிற்று என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சாப்பிடாமல்தான் வந்திருந்தார் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். வேலை உள்ள நாளில் அவர் எப்போதுமே வேலை முடியும் வரை சாப்பிட மாட்டார், அன்றைக்கோ முடிந்த கையோடு நேராக இங்கே வந்துவிட்டார். வயிறு நிறைந்தால் மூச்சு நிற்காது என்பார்.

மனைவி அன்றைக்குச் சண்டை போடுவாள் என்று கண்ணாடிக் கடைக்காரர் எதிர்பார்த்தார். அவள் கோப்பைகளைக் கழுவினாள், சோறு போட்டாள், ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டாள். சண்டை போட்டிருந்தால் பதிலுக்குக் கத்தியிருக்கலாம். ஒரு வார்த்தையும் இல்லாததால் சொல்ல நினைத்த சமாதானமெல்லாம் சொல்லப்படாமலே போயிற்று.

மச்சானைப் போய்ப் பார்க்க வேண்டும், ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று தினமும் நினைத்தார். பேண்டு ஷெட் கடையிலிருந்து ஒரு நடை தூரம்தான். கடையைப் பூட்டியதும் அந்தப் பக்கம் திரும்புவார். மூலையில் ட்ரம்பெட் பயிற்சிச் சத்தம் கேட்டதும், இன்றைக்கு ஆட்கள் நிறைய இருப்பார்கள், நாளைக்குப் போகலாம் என்று திரும்பிவிடுவார். நாளைத் தள்ளிப் போடப் போட, போய்ப் பார்ப்பது இன்னும் கஷ்டமாகிக்கொண்டே போனது.

அப்படியிருக்கும்போது ஒருநாள் கடைக்கு டாக்டர் போன் செய்தார். கண்காட்சிக்கு அந்த வெள்ளிக் கார்னெட்டைத்தான் நடுவில் வைக்கப் போவதாகவும், உங்கள் கண்டுபிடிப்பைப் பற்றி நீங்களே நாலு வார்த்தை பேச வேண்டும் என்றும் சொன்னார். கருத்துப்போய்க் கிடந்தது, அதனால் உங்கள் பாலிஷ்காரரை வரச் சொல்லிக் கொடுத்தனுப்பியிருக்கிறேன் என்றார் கடைசியாக.

கண்ணாடிக் கடைக்காரர் அப்போது ஒரு பெண்மணிக்கு எழுத்துப் பலகையைக் காட்டிக்கொண்டிருந்தார். போனைக் காதில் வைத்தபடியே நின்றுவிட்டார். மச்சான் தன் ட்ரம்பெட்டை எப்படிப் பளபளப்பாக்குவார் என்பது அவருக்குத் தெரியும். வருஷத்துக்கு ஒருமுறை பாத்திரப் பட்டறைக்கு எடுத்துப்போய், மோட்டாரில் சுற்றும் பஞ்சுச் சக்கரத்தில் வைத்துத் தேய்த்து வாங்கி வருவார். அந்த வாத்தியம் அதற்குத் தாங்கும். வெள்ளிக் கார்னெட் தாங்காது. அதன் மேலிருந்த முலாம் வெங்காயத் தோல் அளவுதான். அதற்கும் அடியில்தான் அந்தப் பாதி அழிந்த எழுத்துகள்.

அந்த நிமிஷமே டாக்டரிடம் சொல்லியிருக்கலாம். சொல்ல வேண்டுமென்றால் அவர் பாலிஷ்காரர் இல்லை என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். சரி, மச்சானுக்கே போன் செய்து, துணியால் மட்டும் துடைத்துக் கொடுத்துவிடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவரிடம் பேசவே இல்லை. பேசாத மனிதரிடம் எடுத்த எடுப்பில் பாலிஷைப் பற்றி எப்படிப் பேசுவது? போனை எடுத்தார், நம்பரைப் பார்த்தார், வைத்துவிட்டார். எதிரே உட்கார்ந்திருந்த பெண்மணி, கடைசி வரி தெரியவில்லை என்று இரண்டாம் தடவையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். துணியால்தான் துடைப்பார், வேறு என்ன செய்யப் போகிறார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அவர் வேலையைப் பார்த்தார்.

இரண்டு நாள் கழித்து டாக்டர் மறுபடியும் கூப்பிட்டார். குரலே வேறாக இருந்தது. உடனே வாருங்கள் என்று மட்டும் சொன்னார்.

டாக்டர் வீட்டுக் கூடத்தில் மேஜை மேல் அந்தக் கார்னெட் இருந்தது. கடையில் புதிதாக வாங்கிய பித்தளைச் செம்பு மாதிரி ஜொலித்தது. வெள்ளி மூலை முடுக்குகளில் மட்டும் சாம்பலாக ஒட்டியிருந்தது. கண்ணாடிக் கடைக்காரர் பழக்கத்தில் லென்ஸை எடுத்து, அதன் விரிந்த வாயின் மேல் வைத்துப் பார்த்தார். கடைக்காரன் பெயரிலேயே பாதி எழுத்துதான் மிச்சம். அடியில் இருந்த தடம் துடைத்துவிட்டது போலக் காணோம். அவர் தலைநிமிர்ந்து உட்காரக் காரணமாக இருந்த எழுத்துகள் இனிமேல் யார் கண்ணுக்கும் தெரியப் போவதில்லை.

கதவோரமாக மச்சான் நின்றிருந்தார். வெளுத்த சட்டை போட்டு, தலையை எண்ணெய் தடவிப் படிய வாரியிருந்தார். பாராட்டு வாங்க வந்த மனிதர் என்பது பார்த்தவுடன் தெரிந்தது. எதற்குத் திட்டுகிறார்கள் என்று இன்னும் முழுசாகப் புரியாமல், பார்வையைத் தரைக்கும் மேஜைக்குமாக மாற்றிக்கொண்டிருந்தார்.

டாக்டர் கத்தவில்லை. மெதுவாகத்தான் பேசினார், அதுதான் மோசமாக இருந்தது. இத்தனை வருஷம் பிழைத்து வந்த பொருள் ஒரே மத்தியானத்தில் போயிற்று என்றார். வாத்தியத்தைத் தொடத் தகுதி இல்லாதவர்களை வீட்டுக்குள் விட்டது தன் தப்பு என்றார். பிறகு மச்சான் பக்கம் கையை நீட்டி, கண்ணாடிக் கடைக்காரரிடம் சொன்னார்.

"இவனை எங்க பிடிச்சீங்க நீங்க? இவன்கிட்ட என்னத்தைக் கேட்கிறது? இவனைச் சொல்லிக் குத்தமில்லை, நம்பிக் குடுத்தேன் பாருங்க, என்னைச் சொல்லணும்."

மச்சான், தெரியாம நடந்துபோச்சுங்க ஐயா என்றார். அந்த நேரத்திலும் அவர் கண்ணாடிக் கடைக்காரரைத் திரும்பிப் பார்க்கவில்லை. தெரிந்தவர் என்ற மாதிரிகூடக் காட்டிக்கொள்ளவில்லை. கொடுத்த வேஷத்தை அவர் கடைசி வரை கலைக்கப் போவதில்லை என்பது கண்ணாடிக் கடைக்காரருக்கு அப்போது புரிந்தது. இவன், இவன் என்ற அந்தச் சொல் அவர் பிடரியில் அறைந்துகொண்டே இருந்தது.

"சார், அவரை அப்படிச் சொல்லாதீங்க," என்றார். "அவர் என் மனைவியோட அண்ணன். பாலிஷ் போடறவர் இல்ல. ட்ரம்பெட் வாசிக்கிறவர். அன்னைக்கு உங்க முன்னாடி சொல்ல வெட்கப்பட்டுக்கிட்டு நான்தான் அப்படிச் சொல்லிட்டேன். தப்பு முழுக்க என்னோடது."

டாக்டர் ஒருவரை மாற்றி ஒருவரைப் பார்த்தார். அந்த ஞாயிற்றுக்கிழமையை, தரையில் உட்கார்ந்திருந்தவரை, சட்டைப்பையில் தான் செருகிய நோட்டை எல்லாம் அவர் நினைத்துப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. கோபம் இறங்கிவிட்டது. அதன் இடத்தில் வந்தது கோபத்தைவிடப் பொறுக்க முடியாததாக இருந்தது. அவர் எழுந்து ஒரு நாற்காலியை நகர்த்தி, மச்சானைப் பார்த்து, உட்காருங்க, தயவுசெஞ்சு உட்காருங்க என்றார்.

மச்சான் உட்காரவில்லை. பரவாயில்லைங்க ஐயா என்று சொல்லி, இன்னும் கொஞ்சம் கதவோடு ஒட்டி நின்றார். அவர் முகம் கழுத்து வரை சிவந்திருந்தது. அத்தனை திட்டு வாங்கியபோது அவர் முகம் அப்படிச் சிவக்கவில்லை.

கண்ணாடிக் கடைக்காரர் தன் அலமாரியிலிருந்து எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். டாக்டர் வேண்டாம் என்று கையசைத்தார். போய்ட்டு வாங்க என்றார். இரண்டு பேரையும் சேர்த்துத்தான் சொன்னார்.

தெருவில் இறங்கி நடந்தார்கள். நிழலில் நின்றிருந்த ஆட்டோவைக் கூப்பிடலாமா என்று கண்ணாடிக் கடைக்காரர் கேட்டார். மச்சான் வேண்டாம் என்றார். எதற்காக மச்சான் இங்கே வந்தீங்க, வர முடியாதுன்னு சொல்லியிருக்கலாமே என்று கடைசியில் கண்ணாடிக் கடைக்காரர் கேட்டே விட்டார்.

"நீங்கதானே பாலிஷ் போடறவர்னு சொன்னீங்க," என்றார் மச்சான். "அவர் கூப்பிட்டு நான் வரலேன்னா உங்க பேச்சு பொய்யாயிடுமேன்னு வந்தேன். நல்லா பண்ணிக் குடுத்தா உங்களுக்கும் மரியாதையா இருக்கும்னுதான் பட்டறைக்கு எடுத்துட்டுப் போனேன். நானே நின்னு பார்த்துச் செய்ய வச்சேன்."

கண்ணாடிக் கடைக்காரர், என்னை மன்னிச்சிடுங்க என்றார். இத்தனை நாளாகச் சொல்ல நினைத்த வார்த்தை வெளியே வந்தபோது எச்சில் துப்பியது போலத்தான் இருந்தது. மச்சான் நின்றார்.

"மாப்ளே, நான் சொல்றதைத் தப்பா எடுத்துக்காதீங்க. பாலிஷ்காரனா நின்னு திட்டு வாங்கினது எனக்கு ஒண்ணுமில்ல. ஊர்வலத்துல தினம் வாங்கறதுதான். திட்டுவாங்க, விட்டுருவாங்க. நீங்க சொன்னதுக்கப்புறம் அவர் எனக்கு நாற்காலி போட்டாரே, அதைத்தான் தாங்க முடியல. என் சொந்தக்காரரே என்னைச் சொல்ல வெட்கப்படறாருன்னு இப்ப அவருக்குத் தெரியும். சொல்றதா இருந்தா அன்னைக்குச் சொல்லியிருக்கணும். இன்னைக்குச் சொன்னது உங்க மனசு லேசாகணும்னு சொன்னது."

கோபமாகச் சொல்லவில்லை. பேண்டில் ஒருவனுக்குத் தாளம் எங்கே தப்பியது என்று எடுத்துச் சொல்வது போலச் சொன்னார். சொல்லிவிட்டு, சாயங்காலம் ஒரு வாசிப்பு இருக்கு என்று, வந்து நின்ற பஸ்ஸில் ஏறிக்கொண்டார்.

வீட்டில் கண்ணாடிக் கடைக்காரர் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஆரம்பித்து, போனை எடுத்து வைத்தது வரைக்கும், எதையும் மறைக்காமல் சொன்னார். அவள் துணிகளை மடித்துக்கொண்டே கேட்டாள். நடுவில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். சக்கரத்தில் வைத்துத் தேய்ப்பார் என்று முன்பே தெரியுமா என்றாள். தெரியும் என்றார். அவள் கையில் இருந்த துண்டை மடித்து முடித்து, அடுக்கின் மேல் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

சங்கத்தில் விஷயம் பரவாமல் இருக்குமா? அடுத்த கூட்டத்துக்கு அவர் கூசிக் குறுகித்தான் போனார். ஆனால் யாரும் முகம் சுளிக்கவில்லை. எல்லோரும் வழக்கத்தைவிட அன்பாகப் பேசினார்கள். உங்கள் மைத்துனர் ட்ரம்பெட் வாசிக்கிறாராமே, முன்பே சொல்லக் கூடாதா, சங்கத்துக்கு வந்து ஒருநாள் வாசிக்கச் சொல்லுங்களேன், எங்களில் பாதிப் பேருக்கு இதில் ஒரு சத்தம் எழுப்பத் தெரியாது என்று ஒரு பேராசிரியர் கேட்டார். உண்மையாகவே ஆசைப்பட்டுத்தான் கேட்டார். எதை மறைக்கப் போய் இத்தனையும் நடந்ததோ, அது அங்கே ஒருவருக்கும் பெரிய விஷயமாகவே படவில்லை. கண்ணாடிக் கடைக்காரருக்கு நாற்காலியில் உட்காரவே முடியவில்லை. கேட்டுச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டார். மச்சானிடம் அதைக் கேட்க அவருக்கு வாய் வரவில்லை. அதற்குப் பிறகு கூட்டத்துக்கும் போகவில்லை. அலமாரிகள் பூட்டியே கிடந்தன.

மச்சான் வீட்டுக்கு வருவதை நிறுத்திவிடவில்லை. கண்ணாடிக் கடைக்காரர் கடையில் இருக்கும் நேரமாகப் பார்த்து வந்துபோனார். வழியில் எதிர்ப்பட்டால் நின்று, கடை எப்படிப் போகுது, உடம்பு எப்படி இருக்கு என்று குறைவில்லாமல் விசாரித்தார். மாப்ளே என்றுதான் கூப்பிட்டார். கேலி மட்டும் பேசவில்லை. பழைய பீப்பி ஏதாவது சிக்கிச்சா என்று கேட்கவும் இல்லை.

ஒருநாள் கடையில் லென்ஸ் அறுக்கும் இயந்திரம் மக்கர் செய்ததால் அவர் நாலு மணிக்கே வீடு திரும்பினார். வாசலில் மச்சானின் செருப்பு இருந்தது. உள்ளே சமையலறையிலிருந்து அவர் குரல் கேட்டது. ஏதோ கல்யாணத்தில் மாப்பிள்ளை ஏறிய குதிரை, டிரம் சத்தத்துக்கு மிரண்டு பொண்ணு வீட்டைத் தாண்டி ஓடிப்போன கதை. குதிரைக்குப் பின்னால் பேண்டே வாசித்துக்கொண்டு ஓடியதாம். வாசிப்பை நிறுத்தினால் காசு தர மாட்டார்களே என்று ஒருவரும் நிறுத்தவில்லையாம். மனைவி சிரித்தாள். மூச்சு வாங்க, போதும் அண்ணா, போதும் என்று கெஞ்சிச் சிரித்தாள். அந்த மாதிரி அவள் சிரித்து அவர் கேட்டு எவ்வளவோ நாளாகியிருந்தது.

அவர் ஒரு காலில் செருப்பைக் கழற்றியபடி நின்றார். உள்ளே போனால் என்ன நடக்கும் என்று தெரியும். மச்சான் எழுந்து, வாங்க மாப்ளே என்பார். உட்காரச் சொல்வார். இரண்டு பேச்சுப் பேசிவிட்டு, நேரமாச்சு என்று கிளம்பிவிடுவார். கதை பாதியில் நின்றுபோகும்.

அவர் சத்தம் போடாமல் செருப்பை மறுபடியும் மாட்டிக்கொண்டு, கேட்டை மெதுவாகச் சாத்திவிட்டு வெளியே வந்தார். தெருமுனையில் சலவைக் கடைக்காரர், என்ன இன்னைக்குச் சீக்கிரம் என்று கேட்டார். சும்மா நடக்கலாம்னு என்று சொல்லிவிட்டு அடுத்த தெருவுக்குள் திரும்பினார். அதைச் சுற்றிக்கொண்டு வந்து தூரத்திலிருந்தே வாசலைப் பார்த்தார். செருப்பு இன்னும் அங்கேதான் இருந்தது. இருக்கட்டும் என்று நினைத்து, இன்னொரு சுற்று நடக்கப் போனார்.